லைட்ரூம் புதுப் பதிப்பா, பழையதா, வேறு மென்பொருளா? கல்யாண ஸ்டுடியோவுக்கு எது ஒத்துவரும்

போட்டோக்களைப் பொறுக்கவும் எடிட் செய்யவும் நாம் பயன்படுத்தும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளின் பெரிய பதிப்பை அடோபி நிறுவனம் பெரும்பாலும் அக்டோபரில்தான் வெளியிடுகிறது. நமக்கு அது ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கும் நேரம். நாலு கல்யாணத்தின் ரா ஃபைல்கள் (கேமரா பதிவு செய்த மூலக் கோப்புகள்) எடிட்டிங்குக்குக் காத்திருக்கும்போதுதான் 'அப்டேட்' பொத்தான் வந்து நிற்கும். அந்த வாரமே யூடியூபில் வீடியோக்கள் குவியும். எல்லாவற்றிலும் புதுக் கருவிகளின் பட்டியல்தான் இருக்கும். மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய ஸ்டுடியோவுக்கு அந்தப் பட்டியல் பெரிதாக உதவாது.

நான் இங்கே ஒப்பிடுவது ஐந்து வழிகளை. லைட்ரூம் கிளாசிக்கின் புதுப் பதிப்புக்குப் போகலாம். சந்தா எதுவும் கட்டாமல் பழைய லைட்ரூம் 6-இலேயே இருந்துவிடலாம். கேப்சர் ஒன்னுக்கு மாறலாம். டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் வாங்கலாம். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளைக் கற்றுக்கொள்ளலாம். மனதில் வைத்திருப்பது இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் கல்யாண ஸ்டுடியோவை. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்ந்து மூவாயிரம் நாலாயிரம் படம் வரும், அதில் சில நூறு மட்டும் ஆல்பத்துக்குப் போகும், அந்த மாதிரி வேலை.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஸ்டுடியோக்களில் பெரும்பாலானவை லைட்ரூம் கிளாசிக்கிலேயே இருக்கலாம், ஆனால் புதுப் பதிப்பை மார்கழி வரை தொடக் கூடாது. மார்கழி என்பதற்கும் ஜோசியத்துக்கும் சம்பந்தமில்லை.

திரும்பி வர முடியாத இடம்

லைட்ரூம் கிளாசிக் படங்களைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. படம் ஹார்ட் டிஸ்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் செய்த திருத்தம், கொடுத்த நட்சத்திரம், பிரித்து வைத்த கலெக்‌ஷன் எல்லாம் கேட்டலாக் என்ற ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. பெரிய பதிப்பு மாறும்போது அந்தக் கேட்டலாக்கின் அமைப்பும் மாறுவது வழக்கம். புதுப் பதிப்பு பழைய கேட்டலாக்கின் நகலை எடுத்து மேம்படுத்திக்கொள்ளும். பழைய கோப்பு அப்படியே பத்திரமாகக் கிடக்கும்.

அப்புறம் என்ன கவலை என்று தோன்றும். மேம்படுத்திய கேட்டலாக்கைப் பழைய பதிப்பால் திறக்க முடியாது என்பதுதான் கவலை. மாறிய பிறகு இரண்டு வாரம் வேலை பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று பழைய பதிப்புக்குத் திரும்பினால், அந்த இரண்டு வார வேலை பழைய கேட்டலாக்கில் இருக்காது. திருத்தங்களைப் படத்தோடு சேர்ந்து இருக்கும் எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்புகளிலும் எழுதும்படி முன்பே செட்டிங்ஸில் குறித்து வைத்திருந்தால் ஓரளவு மீட்கலாம். அதிலும் கலெக்‌ஷன்கள் வராது, விர்ச்சுவல் காப்பிகள் (ஒரே படத்தின் வேறு எடிட்கள்) வராது, புதுப் பதிப்பில் மட்டுமே இருக்கும் கருவிகளால் செய்த வேலை பழையதில் தெரியாது. ஆல்பத்துக்கான தேர்வைக் கலெக்‌ஷனாகவும், கறுப்பு வெள்ளைப் படங்களை விர்ச்சுவல் காப்பியாகவும் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன இழப்பு இல்லை.

இதனால்தான் சீசன் நடுவில் மாறக் கூடாது என்கிறேன். புதுப் பதிப்பில் குறை இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வரவில்லை. இருந்தால் பின்வாங்குவதற்கு ஆகும் செலவு ஐப்பசியில் ஒன்று, மார்கழியில் வேறு. மார்கழியில் கல்யாணம் இல்லை. அதற்குள் அக்டோபர் பதிப்புக்கான திருத்தங்களும் வரத் தொடங்கியிருக்கும். ஆடி மாதமும் இதற்கு நல்ல சமயம்தான்.

பழைய படங்களின் நிறம் மாறிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பொதுவாக மாறாது. லைட்ரூம் ஒவ்வொரு படத்தையும் எந்தக் கணக்கு முறையில் எடிட் செய்தீர்கள் என்பதையும் சேர்த்தே குறித்து வைக்கிறது. அதற்கு ப்ராசஸ் வெர்ஷன் என்று பெயர். 2012-இல் லைட்ரூம் 4 வந்தபோது பழைய ரிகவரி, ஃபில் லைட் ஸ்லைடர்கள் போய் இன்றைய ஹைலைட்ஸ், ஷேடோஸ் வந்தன. அதற்கு முன் எடிட் செய்த படம், நீங்களாக மாற்றாத வரை, பழைய கணக்கிலேயே நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரே படத்தைப் பழைய பதிப்பிலும் புதியதிலும் டிஃப் (TIFF) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, போட்டோஷாப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரை 'டிஃபரன்ஸ்' பிளெண்டிங்கில் போடுங்கள். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் மாற்றம் இல்லை.

புதுக் கருவிகளில் எது நம் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது

2021 அக்டோபரில் மாஸ்க்கிங்கில், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்தும் கருவியில், வந்த மாற்றம்தான் இந்தச் சில ஆண்டுகளில் வந்ததிலேயே பெரியது என்பது என் கருத்து. ஆளை, வானத்தைத் தானாகப் பிரித்தெடுக்கும் வசதி அதில்தான் வந்தது. மண்டபத்தில் பின்னணி எரிந்து மணமக்கள் இருட்டாக இருக்கும் படங்களில் இது பிரஷ் வேலையைப் பெருமளவு குறைத்தது. ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை: அந்த மாஸ்க்கோடு சேர்ந்த எடிட்டை நானூறு படத்துக்கு ஒட்டினால், நானூறு படத்திலும் ஆளை மறுபடி தேடிக் கணக்கிட வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் அது டீ குடித்துவிட்டு வந்தாலும் முடியாது.

2023 ஏப்ரலில் ஏஐ டீநாய்ஸ் வந்தது, படத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் நாய்ஸை நீக்கும் வசதி அது. மங்கிய வெளிச்சத்தில் 6400, 12800 ஐஎஸ்ஓவில் எடுத்த நலங்கு, சங்கீத் படங்களுக்கு இது நிஜமாகவே உதவுகிறது. முதலில் ஒவ்வொரு படத்துக்கும் டிஎன்ஜி என்ற ரா வகையில் பெரிய கோப்பு ஒன்றைத் தனியாக உருவாக்கி ஹார்ட் டிஸ்கை நிரப்பியது. 2025 ஜூன் பதிப்பிலிருந்து அந்தத் தனிக் கோப்பு தேவையில்லை. முழு வேலையும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழுகிறது. நல்ல கார்டு இருந்தால் படத்துக்குச் சில நொடிகள், இல்லையென்றால் நிமிடக் கணக்கு. எனவே டீநாய்ஸுக்காகவே புதுப் பதிப்புக்கு மாறுகிறீர்கள் என்றால், கார்டின் விலையையும் அந்த முடிவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2024 மே மாதம் வந்த ஜெனரேட்டிவ் ரிமூவ், மேடை ஓரத்து லைட் ஸ்டாண்டு, பின்னால் நிற்கும் பிளாஸ்டிக் நாற்காலி போன்றவற்றை அழித்து அந்த இடத்தைத் தானே நிரப்பும். கணக்கு அடோபியின் சர்வரில் நடக்கிறது, ஆகவே இணையம் வேண்டும். நாற்காலிக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். புடவைக்கும் நகைக்கும் பக்கத்தில் கவனம். இல்லாத சரிகை டிசைனை அது வரைந்து வைக்கும், நீங்கள் கவனிக்காவிட்டாலும் புடவை எடுத்த அம்மா கவனிப்பார்.

2025 அக்டோபரில் வந்த 15-ஆம் பதிப்பில் படம் பொறுக்கும் உதவி ஒன்று முன்னோட்டமாகச் சேர்க்கப்பட்டது. ஃபோகஸ் சரியாக இருக்கிறதா, கண் திறந்திருக்கிறதா என்று பார்த்து அது படங்களைப் பிரிக்கிறது. மேடையில் வரிசையாக எடுக்கும் குரூப் படங்களுக்கு இது நல்ல உதவி. இருபது பேரில் யார் கண் சிமிட்டினார் என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முகூர்த்தத்தில் கதை வேறு. தாலி ஏறும் நொடியில் பெண் தலை குனிந்து, பெரும்பாலும் கண் மூடியே இருப்பாள். அட்சதை முகத்தில் விழும்போது எல்லோருமே கண்ணை மூடுவார்கள். ஆல்பத்தின் நடுப்பக்கத்துக்குப் போகும் படம் அதுதான். கண் திறந்திருப்பதை அளவுகோலாக வைத்தால் அந்தப் படம்தான் முதலில் வெளியே போகும். ஆகவே ரிசப்ஷனுக்கு இந்த உதவியை எடுத்துக்கொள்ளுங்கள், சடங்குப் படங்களை நீங்களே பொறுக்குங்கள்.

பழைய லைட்ரூம் 6-இலேயே இருந்தால்

ஒரு தடவை பணம் கட்டி வாங்கியது, சந்தாத் தொல்லை இல்லை என்பதால் 2015-இல் வந்த லைட்ரூம் 6-ஐ விடாமல் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வரிசையின் கடைசிப் பதிப்பு 6.14. அது 2017 டிசம்பரோடு நின்றது. அதற்குப் பின் வந்த கேமராக்களின் ரா ஃபைல்களை அது நேரடியாகத் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றித் திறக்கலாம், ஆனால் நாலாயிரம் படத்துக்கு அது கூடுதலாக ஒரு இரவு வேலை.

ஒரு தடவை வாங்கிவிட்டால் என்றென்றைக்கும் நம்முடையது என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. லைட்ரூம் 6-இன் மேப் பகுதி 2018 இறுதியில் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ஆப்பிள் தன் அப்பர்ச்சர் என்ற போட்டோ எடிட்டிங் மென்பொருளை 2014-இல் கைவிடுவதாக அறிவித்தது, 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் அது ஓடவே இல்லை. பணம் கட்டி வாங்கியவர்கள் எல்லோரும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. கேமராவையும் கம்ப்யூட்டரையும் மாற்றப்போவதில்லை என்றால் மட்டுமே லைட்ரூம் 6-இல் நிற்கலாம். தொழில் நடத்துபவருக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

கிராக் காப்பி (பணம் கட்டாத திருட்டுப் பதிப்பு) பற்றியும் ஒரு வரி, அது இல்லாதது போல் எழுதினால் நம்பமாட்டீர்கள். மேலே சொன்ன ஜெனரேட்டிவ் ரிமூவ் அடோபியின் சர்வரில் நடப்பது, அடோபி அக்கவுண்ட் இல்லாதவருக்கு அங்கே வேலை நடக்காது. வாடிக்கையாளர் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ இறக்கிய கிராக்கை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேப்சர் ஒன்

நிறத்தில் இதை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் தோல் நிறத்துக்கென்று இருக்கும் கருவி அருமையானது. முகத்தில் ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டி, சுற்றியுள்ள நிறம், அடர்த்தி, வெளிச்சம் மூன்றையும் அதற்கு நெருக்கமாக இழுக்கலாம். நலங்கில் மஞ்சள் பூசிய முகம் திட்டுத் திட்டாக இருக்கும்போது, மேக்கப் போட்ட முகமும் போடாத கழுத்தும் வேறு வேறு நிறத்தில் இருக்கும்போது, லைட்ரூமில் பத்து நிமிடம் ஆகும் வேலை இதில் மூன்று ஸ்லைடரில் முடியும். 2022 இறுதியில் வந்த ஸ்மார்ட் அட்ஜஸ்ட்மென்ட்ஸ் என்ற வசதி, ஒரு படத்தில் முகம் இருக்கும் வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) மற்ற படங்களுக்கும் பொருத்துகிறது. ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் மாறி மாறி வரும் பெண் வீட்டுப் படங்களுக்கு இது பொருந்தும்.

இன்னொரு நல்ல விஷயம், செஷன் முறை. ஒரு கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர். படமும் திருத்தமும் அதற்குள்ளேயே. அந்த ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்கில் போட்டு எடிட்டரிடம் கொடுக்கலாம். கேட்டலாக் சிக்கல் இதில் பாதி தீர்ந்துவிடுகிறது. கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்து எடுப்பவர்கள், அதாவது நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் எடுப்பவர்கள், யோசிக்காமல் இதற்கு வரலாம்.

கல்யாண ஸ்டுடியோவுக்குத் தடை பணத்தில் இருக்கிறது. சந்தா இல்லாமல் மொத்தமாக வாங்கும் வழி இன்னும் உண்டு. ஆனால் 2023 பிப்ரவரியிலிருந்து அப்படி வாங்குபவர்களுக்குப் பின்னால் வரும் புது வசதிகள் சேராது. அடுத்த கேமரா வாங்கினால் மறுபடி வாங்க வேண்டியிருக்கலாம். பழைய லைட்ரூம் கேட்டலாக்கை இதற்குள் கொண்டுவர முடியும், ஆனால் க்ராப், வெள்ளைச் சமநிலை, எக்ஸ்போஷர் போன்ற அடிப்படைத் திருத்தங்களோடு சரி. மாஸ்க் வேலை எதுவும் வராது. அப்புறம், ஆல்பம் டிசைனிங்குக்கு பிஎஸ்டி டெம்ப்ளேட்கள் வேண்டும், அதற்குப் போட்டோஷாப் வேண்டும். லைட்ரூமும் போட்டோஷாப்பும் ஒரே சந்தாவில் வருகின்றன. கேப்சர் ஒன்னுக்கு மாறினாலும் அந்தச் சந்தா பல ஸ்டுடியோக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரட்டைச் செலவு.

ஃபோட்டோலேப், டார்க்டேபிள்

டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் பிரான்ஸ் நாட்டு மென்பொருள். மொத்தமாக வாங்கலாம். 2024 செப்டம்பரில் வந்த 8-ஆம் பதிப்பின் முழு விலை சுமார் 230 டாலர், முந்தைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அதில் பாதி. இதன் பலம் இரண்டு. ஒன்று, 2020-இல் அறிமுகமான டீப்பிரைம் நாய்ஸ் நீக்கம். அடோபிக்கு முன்பே வந்தது, இன்றும் நன்றாகவே நிற்கிறது. இன்னொன்று, கேமராவையும் லென்ஸையும் ஜோடியாக அளந்து செய்யும் திருத்தம். அகல லென்ஸில் எடுத்த குரூப் படத்தின் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் தெளிவாவதை இதில் பார்க்கலாம். ஆனால் மொத்தக் கல்யாணத்தையும் இதற்குள் வைத்துப் பொறுக்கி, எடிட் செய்து, எக்ஸ்போர்ட் செய்வது எனக்கு உவப்பாக இல்லை. இருட்டுப் படங்களை மட்டும் இதில் சுத்தம் செய்து டிஎன்ஜியாக லைட்ரூமுக்குக் கொண்டுபோகலாம். துணைக் கருவியாக அருமை. பறவை, வனவிலங்கு எடுப்பவர்கள் இதையே முதல் கருவியாக வைத்துக்கொள்ளலாம்.

டார்க்டேபிள் முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்பு, ஜூனில் ஒன்று, கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு ஒன்று. 5.0 பதிப்பு 2024 டிசம்பர் 21-இல் வந்தது, நமக்கு நடு மார்கழிக்குள் வந்து சேர்கிறது. பழைய எடிட்கள் மாறக் கூடாது என்பதை இவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஒரு மாட்யூலைக் (எடிட்டிங் கருவியை) கைவிட்டாலும், அதைக் கொண்டு அன்று எடிட் செய்த படம் பழையபடியே திறக்கும். ரிசப்ஷனில் நீலம், மெஜந்தா எல்ஈடி விளக்கு முகத்தில் விழுந்து நிறம் வெடித்துக் கிடக்கும் படங்களை மெல்ல இறக்கிக் கொண்டுவருவதற்கு இதில் கிடைக்கும் கட்டுப்பாடு லைட்ரூமில் இல்லை என்று சொல்வேன்.

குறையும் உண்டு. கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும், ஒரே வேலைக்கு நாலு மாட்யூல் இருக்கும், எதைத் தொடுவது என்று தெரியாது. லைட்ரூமில் பழகிய எடிட்டர் ஒருவரை வேலைக்கு எடுக்கலாம், டார்க்டேபிள் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொன்று கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டியது: நிக்கான் இசட்8, இசட்9 வைத்திருப்பவர்கள் இடம் மிச்சம் பிடிக்க 'ஹை எஃபிஷியன்சி' என்ற ரா வகையில் எடுத்தால் டார்க்டேபிளில் அது திறப்பதில்லை. அந்தச் சுருக்கு முறைக்குக் காப்புரிமை இருக்கிறது. தரம் குறையாமல் சுருக்கும் லாஸ்லெஸ் வகையில் எடுத்தால் சிக்கல் இல்லை.

பணம்

அமெரிக்க விலைப்படி லைட்ரூமும் போட்டோஷாப்பும் சேர்ந்த, 20 ஜிபி கிளவுட் இடம் கொண்ட திட்டம் நீண்ட காலம் மாதம் 9.99 டாலராக இருந்தது. 2025 ஜனவரியில் அதைப் புதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு மாதத் தவணை 14.99 ஆனது, ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும் பழைய 119.88. இந்திய விலை தனி, ஆனால் மொத்தமாகக் கட்டுவது லாபமா என்று இங்கேயும் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணைக் கொடுத்து வாங்குங்கள், கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

'ஆண்டுச் சந்தா, மாதத் தவணை' என்ற திட்டத்தில் இடையில் விலகினால் மீதித் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இதை வாடிக்கையாளர்களுக்குச் சரியாகத் தெரியப்படுத்தவில்லை என்றுதான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடுத்தது. மாறிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் சந்தா முடியும் தேதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2021 அக்டோபர் விதிக்குப் பிறகு கார்டில் தானாகப் பணம் போக இ-மேண்டேட் (முன் அனுமதி) வேண்டும், அது தவறிச் சந்தா நின்றுபோனால் எடிட் செய்யும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். படங்களைப் பார்ப்பதும் எக்ஸ்போர்ட் செய்வதும் அப்போதும் நடக்கும், ஆகவே கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

சோதனை எப்படி

அடோபி சந்தாவில் இரண்டு கம்ப்யூட்டரில் உள்நுழையலாம். புதுப் பதிப்பை வேலை நடக்காத கம்ப்யூட்டரில் போடுங்கள். உண்மையான கேட்டலாக்கைத் திறக்காதீர்கள். முடிந்துபோன ஒரு கல்யாணத்தை மட்டும் தனிக் கேட்டலாக்காக எக்ஸ்போர்ட் செய்து கொண்டுபோங்கள். கேப்சர் ஒன், ஃபோட்டோலேப் இரண்டுக்கும் சோதனைக் காலம் உண்டு, அவற்றுக்கும் அதே கல்யாணத்தின் ரா ஃபைல்களையே கொடுங்கள். எல்லாம் அழகாக வந்த கல்யாணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஹோமப் புகை, எல்ஈடி மேடை, இருட்டு மண்டபம், ஓரத்தில் ஆள் நிற்கும் குரூப் எல்லாம் உள்ளதாகப் பாருங்கள். பொறுக்குவதற்கு எவ்வளவு, நிறத்துக்கு எவ்வளவு, எக்ஸ்போர்ட்டுக்கு எவ்வளவு என்று கடிகாரம் வைத்துத் தனித்தனியாகக் குறியுங்கள். உங்கள் ஸ்டுடியோவில் நேரம் பொறுக்குவதில் போகிறது என்றால் நிறத்துக்குப் பேர்போன மென்பொருள் உங்களைக் காப்பாற்றாது. நிறத்தில்தான் போகிறது என்றால் லைட்ரூமின் 15-ஆம் பதிப்பில் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, கேப்சர் ஒன்னுக்கு அந்த இரட்டைச் செலவு செய்யலாம்.

கடைசியாக அந்தப் படங்களில் பத்தை உங்கள் ஆல்பம் லேபிலேயே பிரிண்ட் போட்டுப் பாருங்கள். திரையில் பெரிதாகத் தெரிந்த வித்தியாசத்தில் பாதி காகிதத்தில் காணாமல் போகும். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது அந்தக் காகிதத்துக்கு.